டீசல் என்றொரு மனிதர்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் சின்ன மாமா எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. கும்பகோணம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் மீட்டர்கேஜ் ரயில், முன்னால் ஒய்.டி.எம்-4 டீசல் எஞ்சின். டிரைவர் நாட்ச் ஏற்றிய நேரம் பார்த்து மாமா பட்டனை அமுக்கியிருக்கிறார். பாதிப் படம் கரும்புகைதான்! ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 1,400 குதிரைத்திறன். 2000-களில் பாதை அகலமானதும் அது நம்ம ஊர்ப் பக்கம் வருவது நின்றுபோனது.

அந்தப் புகைக்குப் பெயர் கொடுத்தவரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டீசல் என்றால் பங்க்கில் ஊற்றுவது என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா தோல் வேலை செய்யும் ஜெர்மானியர். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் யுத்தம் மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. சாப்பாட்டுக்கே கஷ்டம். பன்னிரண்டு வயதுப் பையனைத் தனியாக ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே படிப்பில் முதலிடம் பிடித்து, ஸ்காலர்ஷிப்பில் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். ஆமாம், அவரும் பாலிடெக்னிக் மாணவர்தான்! (அது டிப்ளமோ இல்லை, பல்கலைக்கழகத் தரம் என்று நம்ம லெக்சரர் திருத்துவார்.) 1879-ல் டைபாய்டு வந்து கடைசிப் பரீட்சையை எழுத முடியவில்லை. நம்ம பாஷையில் அரியர்ஸ். 1880-ல் எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினார்.

வகுப்பில் பேராசிரியர் லிண்டே, நீராவி எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்று சொன்னது அவர் மனசில் முள்ளாய்த் தைத்தது. லிண்டேயின் ஐஸ் கம்பெனியிலேயே வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டார். காற்றை மட்டும் நன்றாக அமுக்கினால் அதுவே சூடாகும். அதில் எண்ணெயைப் பீச்சினால் ஸ்பார்க் பிளக் இல்லாமலே தீப்பிடிக்கும். சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1892-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். 1893 ஆகஸ்ட் 10-ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை. அழுத்தம் 80 அட்மாஸ்ஃபியரைத் தாண்டி, இன்டிகேட்டர் வெடித்துச் சிதறியது. ஆள் தப்பியதே பெரிது. ஆனால் எண்ணெய் தானாகத் தீப்பிடித்துவிட்டதே! மறு வருஷம் பிப்ரவரி 17-ல் எஞ்சின் ஒரே ஒரு நிமிஷம் தன் சொந்த பலத்தில் ஓடியது. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பின்னால் மூன்று வருஷ உழைப்பு: வால்வு, நாசில், பம்ப் எல்லாவற்றிலும் தகராறு. மாறா வெப்பநிலையில் எரிக்கலாம் என்ற அவருடைய மூலத் திட்டமே நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. அதைக் கைவிட்டுத்தான், நாம் தெர்மல் பேப்பரில் பி-வி படம் போடும் மாறா அழுத்த முறைக்கு வந்தார். 1897-ல் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தபோது திறன் 26.2 சதவீதம்.

பணம் கொட்டியது. கொட்டிய வேகத்திலேயே போனது. பேட்டன்ட் வழக்குகள், தவறான முதலீடுகள், ஓயாத தலைவலி. மனுஷன் உடைந்துபோனார். 1912-ல் சுல்சர் கம்பெனியோடு சேர்ந்து முதல் டீசல் ரயில் எஞ்சினை சுவிட்சர்லாந்தில் சோதித்தார்கள். சிலிண்டரின் சக்தியை நேரே சக்கரத்துக்குக் கொடுத்ததால் அது சரிவரவில்லை. பிற்காலத்தில், டீசலை வைத்து ஜெனரேட்டரைச் சுற்றி, அந்த மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டினார்கள். மாமா படம் எடுத்த எஞ்சினும் அந்த ரகம்தான்.

அந்த வெற்றியைப் பார்க்க அவர் இல்லை. 1913 செப்டம்பர் 29 ராத்திரி, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகும் டிரெஸ்டன் கப்பலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனவர் காலையில் அங்கே இல்லை. அது நீராவிக் கப்பல். அக்டோபர் 10-ல் ஒரு டச்சுப் படகு வட கடலில் ஒரு உடலைக் கண்டது. சட்டைப்பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். பொருட்களை மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, விபத்தா, கொலையா என்று இன்றுவரை தீரவில்லை. டைரியில் அந்தத் தேதியில் ஒரு சிலுவைக் குறி இருந்ததாம். கடன் விஷயம் தெரிந்தவர்களுக்கு வேறு யோசனை வருவது கஷ்டம்.

மீட்டர்கேஜ் டீசலைப் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் குன்னூர் போகலாம். அங்கிருந்து உதகை வரை ஒய்.டி.எம்-4 மலை ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். ஏறும்போது எடுத்தால் பெட்டிதான் முன்னால் விழும். இறங்கி வரும் ரயிலுக்குக் காத்திருங்கள்.