போடிமெட்டு ஏறும் சின்ன கார்களும் ஆடியின் நாலு வளையமும்: யார் இந்த ராஸ்முசென்?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். இப்போது அதில் ஏறும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பது முன்சக்கரம்தான். (ஏலத் தோட்டத்து ஜீப் வேற கணக்கு.) அம்பாசிடர், பத்மினி ஓடிய ரோட்டுக்கு இந்த ரகத்தை 1983-ல் பரவலாகக் கொண்டுவந்தது மாருதி 800. ஜெர்மனியில் 1931-லேயே இது வந்தாச்சு.

காரணம், யோர்கன் ஸ்காஃப்ட் ராஸ்முசென். 1878-ல் டென்மார்க்கில் பிறந்து, ஜெர்மனியில் தொழில் தொடங்கியவர். நீராவி கார் செய்யப் பார்த்தார், சரிப்பட்டு வரல. மிஞ்சியது டி.கே.டபிள்யூ என்ற பெயர்தான். பிறகு பொம்மை எஞ்சின், சைக்கிள் மோட்டார், அப்புறம் பைக். 1920-களின் கடைசியில் உலகிலேயே பெரிய பைக் தயாரிப்பாளர் அவர்தான். 1928-ல் ஆடியும் அவர் கைக்கு வந்தது.

அடுத்து பொருளாதார மந்தம். பெரிய கார் வாங்க ஆள் இல்லை. பைக் எஞ்சினை வைத்து முன்சக்கரம் இழுக்கும் சின்ன கார் வேண்டும், ஆறே வாரத்தில் என்று ஆடி வடிவமைப்பாளர்களுக்குக் கெடு வைத்தார். எஞ்சினும் கியரும் முன்னாலேயே இருந்தால் பின்சக்கரம் வரை நீள ஷாஃப்ட் தேவையில்லை, செலவும் மிச்சம். பிறந்தது எஃப்1: 584 சிசி, மர பாடி.

கார் ஜெயித்தது, ஆனால் கடன் கழுத்தைப் பிடித்தது. 1932-ல் சாக்சனி அரசு வங்கியின் தயவில் ஆடி, டி.கே.டபிள்யூ, ஹோர்ச், வாண்டரர் நான்கும் ஆட்டோ யூனியன் ஆயின. அந்த நாலு வளையம் இதுதான். 1934 முடிவில் ராஸ்முசெனையே வெளியே அனுப்பிவிட்டார்கள். போருக்குப் பின் டென்மார்க் திரும்பியவர், 1964-ல் கோபன்ஹேகனில் காலமானார்.