உயிரணுவில் குடியாட்சி கண்டவர்

காய்ச்சல் கண்டவனின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது மருத்துவர் வழக்கம். அவன் குடிசையைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, அவன் கட்டும் வரியையும் பார்த்து மருந்து எழுதிய மருத்துவர் ஒருவர் இருந்தார். ருடால்ப் விர்ச்சோ என்பது அவர் பெயர். ஒவ்வோர் உயிரணுவும் இன்னோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்தப் பாடத்தை மருத்துவத்தின் அடித்தளமாக ஆக்கிய ஜெர்மானிய அறிஞர். உழைக்கும் தோழர்கள் அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது என்பதால் இன்று இந்தப் பத்தியை அவருக்கு ஒதுக்குகிறோம்.

1821 அக்டோபர் 13-ல், அன்றைய பிரஷ்யாவின் ஒரு சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. தந்தை விவசாயி. மகன் உதவித்தொகை பெற்று, பெர்லினில் படை மருத்துவப் பள்ளியில் படித்தார். 1845-ல் இறந்துபோன ஒரு நோயாளியின் குருதியில் வெள்ளணுக்கள் அளவு மீறிப் பெருகியிருக்கக் கண்டார். சீழ் என்று பிறர் எண்ணிய அதைத் தனி நோய் என்றார். பின்னர் அதற்கு லுக்கேமியா என்று பெயரிட்டவரும் அவரே.

1848 தொடக்கத்தில் மேல் சைலீசியா என்ற பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவியது. விளைச்சல் பொய்த்து, பஞ்சம் பிடித்த பூமி. போலந்து மொழி பேசும் ஏழைக் குடியானவர்கள். ஆள்வோர் மொழியோ ஜெர்மன். பார்த்து வா என்று அரசு அனுப்பியது. மூன்று வாரங்கூட அவர் அங்கே தங்கவில்லை. ஆனால் கொண்டுவந்த அறிக்கை ஆட்சியாளரைத் திடுக்கிட வைத்தது!

என்ன எழுதினார்? கஷாயமும் களிம்புமா? இல்லை! மக்களுக்குக் கல்வி கொடு, அவர்கள் மொழியிலேயே கொடு என்றார். ஏழையின் வரிச்சுமையை இறக்கிச் செல்வர் தோளில் ஏற்று என்றார். சாலை போடு, உழவைத் திருத்து, முழு மக்களாட்சி வழங்கு என்றார். நோய்க்கு மருந்து கேட்டவர்களிடம் ஆட்சிக்கு மருந்து நீட்டினார்.

இதில் ஒரு வியப்பு உண்டு. டைபஸைப் பரப்புவது உடைப் பேன் என்பது 1909-ல்தான் தெரிந்தது. பேன் வழியே உடலில் புகும் கிருமி, சிறு குருதிக்குழாய்களின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களுக்குள் நுழைந்து, அங்கேயே பல்கிப் பெருகி, அவற்றைப் பிளந்து வெளிவருகிறது. விர்ச்சோவுக்குப் பேனும் தெரியாது, அந்தக் கிருமியும் தெரியாது. ஆனால் மாற்றுத்துணி இல்லாத உடலிலும், பத்துப்பேர் நெருங்கிக் கிடக்கும் குடிசையிலும்தானே பேன் பெருகும்? வறுமையை ஒழி என்று அவர் சொன்னது வீண்போகவில்லை.

ஊர் திரும்பிய சில நாளில் பெர்லினில் புரட்சி மூண்டது. தெருவில் தடுப்பரண் எழுப்பிய மக்களோடு மருத்துவரும் நின்றார். மருத்துவச் சீர்திருத்தத்துக்கென்று வார ஏடும் நடத்தினார். புரட்சி அடக்கப்பட்டதும் 1849-ல் அவர் பதவிக்கு ஆபத்து வந்தது. பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கழித்த ஏழாண்டுகளில்தான் உயிரணுவின் இலக்கணத்தை அவர் தெளிந்தார்.

உருவமற்ற குழம்பிலிருந்து, உப்புக் கட்டுவதுபோல் உயிரணு தானே திரள்கிறது என்று அதுவரை பெரிய அறிஞர்களும் நம்பினர். இல்லை, தாயின்றி உயிரணு இல்லை என்று 1855-ல் விர்ச்சோ முழங்கினார். 1858-ல் பெர்லினில் ஆற்றிய இருபது சொற்பொழிவுகள் நூலாக வந்தன. உடலில் தனியொரு மன்னன் இல்லை. அது உயிரணுக்களாகிய குடிமக்கள் கூடி வாழும் நாடு. குடிமகன் கெட்டால் நாடு நோய்ப்படும் என்பது அவர் கண்ட உண்மை.

உயிரணுவை ஆலைத் தோழருக்கு விளக்குவது எளிது. ஆலைக்கு மதிலும் வாயிலும் போல் உயிரணுவுக்குச் சவ்வு. எதை உள்ளே விடுவது, எதை வெளியேற்றுவது என்பது அதன் பொறுப்பு. உள்ளே உட்கரு, எந்தச் சரக்கை எப்படிச் செய்வது என்ற குறிப்பேடு அங்கே இருக்கிறது. அதன் நகலைப் பார்த்துப் புரதம் நெய்யும் தறிகள், ரைபோசோம்கள். உணவையும் மூச்சுக்காற்றையும் கொண்டு ஆற்றல் தரும் கொதிகலன், மைட்டோகாண்ட்ரியா. கழிவைக் கரைக்கும் பைகள், லைசோசோம்கள். பிரியும்போது குறிப்பேட்டை முழுதாகப் படியெடுத்து, இரு சேய்க்கும் ஆளுக்கொன்று கொடுத்துப் பிரிகிறது உயிரணு. நம் எலும்பு மஜ்ஜையில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் இப்படி உருவாகின்றன. அடங்காமல் பிரிந்துகொண்டே போனால் அதுதான் புற்றுநோய். லுக்கேமியாவும் அதில் ஒருவகை. சவ்வும் உட்கருவும் விர்ச்சோ காலத்திலேயே தெரிந்தவை. ரைபோசோம்களும் லைசோசோம்களும் பின்வந்தோர் கண்டவை.

1856-ல் பெர்லின் அவரைத் திரும்ப அழைத்தது. நகரமன்றத்தில் அமர்ந்து, சாக்கடையும் குடிநீரும் மருத்துவமனையும் வேண்டுமென்று வாதாடினார். 1870-களில் பெர்லினுக்குப் பாதாளச் சாக்கடை வந்ததில் அவர் பங்கு பெரிது. சட்டமன்றத்தில் பிஸ்மார்க்கின் படைச் செலவை எதிர்த்தார். 1865-ல் பிஸ்மார்க் வாட்போருக்கே அழைக்க, விர்ச்சோ மறுத்துவிட்டார். இனவெறி பேசியோரின் வாயை அடைக்க 67 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணையும் முடியையும் கணக்கெடுக்கச் செய்தார். தூய ஜெர்மானிய இனம் என்ற பேச்சு பொடியானது.

குறையே இல்லாதவரா? அல்ல. தாயிலிருந்தே உயிரணு என்பதை அவருக்கு முன்பே கண்டவர் ராபர்ட் ரீமாக். யூதர் என்பதால் முழுப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டவர். அவருக்குரிய பங்கை விர்ச்சோ வாய்விட்டுச் சொல்லவில்லை. மருத்துவர் கைகழுவினால் பிரசவக் காய்ச்சல் குறையும் என்ற செம்மல்வைசின் சொல்லையும் அவர் ஏற்கவில்லை. வறுமை, வறுமை என்று பார்த்த கண் கிருமியைக் குறைத்து எடைபோட்டது. பெரியவர் என்பதற்காகப் பிழையை மறைக்க நாம் விரும்பவில்லை.

1902 சனவரியில் டிராம் வண்டியிலிருந்து குதித்துத் தொடை எலும்பு முறிந்தது. செப்டம்பர் 5-ல், எண்பது வயதில், மறைந்தார்.

தோழர்களே! நோய் உயிரணுவில் குடியிருக்கிறது. அதற்குக் கதவு திறந்துவிடுவதோ பெரும்பாலும் பசியும் நெரிசலும் அறியாமையும். கிருமியை மட்டும் பார்ப்பவன் பாதி மருத்துவன். வறுமையை மட்டும் பார்ப்பவனும் பாதி மருத்துவனே. இரண்டையும் பார்க்கும் கண் நமக்கு வேண்டும். உங்கள் தெருவில் காய்ச்சல் வந்தால் ஊசியும் கேளுங்கள், சாக்கடையும் கேளுங்கள்!