கால்காசு பெறாத கையெழுத்து

வாரமெல்லாம் வியர்வை சிந்துகிறான் ஒரு தொழிலாளி. சனிக்கிழமை கூலிக்குப் போய் நிற்கிறான். உன் கூலி உனக்கில்லையப்பா, அதோ நிற்கிறாரே அவருக்கு என்று கைகாட்டுகிறார் கணக்கப்பிள்ளை. தோழர்களே, இரத்தம் கொதிக்காதா? இந்த அக்கிரமம் ஒரு நாட்டில் சட்டமாகவே இருந்தது. உலகுக்கே நீதி வழங்குவதாக மார்தட்டிக் கொண்ட இங்கிலாந்தில், மணமான ஒவ்வொரு பெண்ணுக்கும்! அந்தச் சட்டத்தோடு மல்லுக்கு நின்ற மாதரசி கரோலின் நார்டனின் வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறோம்.

1808-ல் லண்டனில் பிறந்தவர். நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி. தந்தை 1817-ல் நன்னம்பிக்கை முனையில் மாண்டுபோனார். வீட்டில் புகழ் இருந்தது, பணம் இல்லை. 1827-ல், 19 வயதில், ஜார்ஜ் நார்டன் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டார். அவன் ஒரு பிரபுவின் தம்பி, வழக்கறிஞன், பார்லிமெண்ட் மெம்பர்! பட்டம் இத்தனை இருந்தும் பண்பு ஒன்று இல்லை. மனைவியை அடித்தான், உதைத்தான். அந்த மனைவியோ பேனாவைப் பிடித்தார். கவிதையும் கதையும் எழுதிக் காசு கொண்டுவந்தார். கணவனுக்கு வேலை தேடிக் கொடுத்ததும் அவர்தான். உள்துறை அமைச்சராயிருந்த மெல்போர்ன் பிரபுவிடம் சொல்லி, 1831-ல் ஆண்டுக்கு 1,000 பவுன் சம்பளத்தில் மாஜிஸ்திரேட் பதவி வாங்கிக் கொடுத்தார்.

வேலை வாங்கித் தந்த மனைவிக்கு அவன் காட்டிய நன்றியைக் கேளுங்கள். 1836-ல் மூன்று ஆண் குழந்தைகளையும் தாயிடமிருந்து பிரித்து அனுப்பிவிட்டான். அதற்குள் பிரதமராகிவிட்ட மெல்போர்ன், தன் மனைவியோடு கள்ள உறவு கொண்டார் என்று 10,000 பவுன் நட்டஈடு கேட்டு வழக்கும் தொடுத்தான். மானம் போவது அந்த அம்மையாருக்கு. ஆனால் வழக்கில் அவர் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை, சாட்சிக்கூண்டில் ஏறி ஒரு வார்த்தை பேசவும் உரிமையில்லை. ஜூரிகள் எழுந்து போகாமலே, இருந்த இடத்திலேயே வழக்கைத் தள்ளினார்கள். குற்றமற்றவர் என்று ஊர் சொன்னது. பிள்ளைகள் திரும்பினார்களா? இல்லை. பிள்ளைகள் தகப்பன் சொத்து என்றது சட்டம்.

எழுதினார் அம்மையார், துண்டுப் பிரசுரங்களாக. 1839-ல் ஒரு சட்டம் பிறந்தது. 7 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அதைவிட மூத்த பிள்ளையைப் பார்க்கவும் தாய் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்றது அது. சட்டம் செய்யக் காரணமாயிருந்த தாய்க்கே அது உதவவில்லை. பிள்ளைகள் இருந்தது ஸ்காட்லாந்தில், அங்கே அந்தச் சட்டம் செல்லாது. 1842-ல் கடைக்குட்டி வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். செய்தி கேட்டுத் தாய் ஓடினார். போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

இனி, இந்தக் கட்டுரைக்குத் தலைப்புத் தந்த கையெழுத்துக்கு வருவோம்.

திருமண ஏற்பாட்டில் மனைவிக்கும் மக்களுக்குமென்று பொறுப்பாளர் கையில் ஒப்படைத்த பணம் ஒன்று இருந்தது. 1848-ல் அதன்மேல் கடன் வாங்க ஜார்ஜ் ஆசைப்பட்டான். அம்மையார் கையெழுத்திடாமல் அது முடியாது. பேரம் நடந்தது. அவர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டியது, பதிலுக்கு அவன் ஆண்டுதோறும் 500 பவுன் படி தரவேண்டியது என்று பத்திரம் எழுதினார்கள். அம்மையார் கையெழுத்திட்டார், அவன் பணம் பெற்றான்.

1851-ல் அம்மையாரின் தாயார் இறந்தார்; ஆண்டுக்கு 480 பவுன் மகளுக்கு வருமாறு எழுதி வைத்திருந்தார். பார்த்தான் ஜார்ஜ்: உனக்குத்தான் வேறு வரும்படி வந்துவிட்டதே, என் படி எதற்கு? பத்திரத்தை நீட்டினார் அம்மையார். சட்டத்தின் கண்ணில் கணவனும் மனைவியும் ஒரே ஆள். ஒருவன் தனக்குத்தானே ஒப்பந்தம் எழுதிக்கொள்ள முடியுமா, பத்திரம் செல்லாது என்றான் அந்தச் சட்டம் படித்த மேதை!

கவனியுங்கள், தோழர்களே. கடன் வாங்க அவள் கையெழுத்து வேண்டும்போது அவள் தனி ஆள். படி கேட்கும்போது அவளே இல்லை! பிரிந்து வாழும் தம்பதிகளின் பத்திரம் நிற்க வேண்டுமானால், மனைவிக்காக மூன்றாவது மனிதர் ஒருவர் பொறுப்பாளராக நின்று கையெழுத்திட வேண்டும். அதுதான் அன்றைய சட்டம் திறந்து வைத்திருந்த கொல்லைப்புறக் கதவு. வாசல் வழியாக அவளுக்கு அனுமதியில்லை.

ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. மனைவி பட்ட கடனுக்குக் கணவன் பொறுப்பு என்பதும் அதே சட்டம்தானே? கடன்காரர்களைக் கணவனிடம் அனுப்பினார். வண்டி பழுது பார்த்தவர் ஒருவர் வழக்குப் போட்டார். 1853 ஆகஸ்டில் வெஸ்ட்மின்ஸ்டர் கோர்ட்டில் விசாரணை. பழைய மெல்போர்ன் அவதூறு மறுபடி அரங்கேறியது. கடன் ஏற்பட்ட காலத்தில் படி ஒழுங்காகக் கொடுக்கப்பட்டு வந்தது என்ற நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஜார்ஜ் தப்பினான். எழுதிச் சம்பாதித்த பணமும் சட்டப்படி அவனுடையதே. முதலில் சொன்னோமே, கூலிக்காரன் கதை, அது இதுதான்.

அம்மையார் அழுதுகொண்டிருக்கவில்லை. 1854-ல் இங்கிலாந்தின் பெண்களுக்கான சட்டங்களைப் பற்றி ஒரு நூல்; 1855-ல் விக்டோரியா அரசிக்கே ஒரு பகிரங்கக் கடிதம். 1857-ல் வந்த மணவிலக்குச் சட்டத்தில், கைவிடப்பட்ட மனைவி தன் சம்பாத்தியத்தைக் காத்துக்கொள்ளவும், கோர்ட்டால் பிரிக்கப்பட்டவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவும் வழக்காடவும் வழி பிறந்தது. நீதி முழுதாக வந்துவிடவில்லை. மனைவி தவறினால் அது ஒன்றே போதும், கணவன் விலக்குப் பெறலாம். கணவன் தவறினால் மட்டும் போதாது, கொடுமையோ கைவிடுதலோ அதோடு சேர்ந்திருக்க வேண்டும்!

ஒன்றை மறைக்க நமக்கு மனமில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்று அவர் முழங்கியதில்லை. பாதுகாப்புத்தான் கேட்டார். ஆனால் அவர் வாழ்க்கை, அவர் எழுத்தைவிட அதிகமாகவே கேட்டுவிட்டது.

எதிர்காலப் பிரிவை எண்ணித் தம்பதிகள் எழுதும் பத்திரம் செல்லாது என்ற பழைய கொள்கையோ, அதற்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. மணமான பின் கணவனும் மனைவியும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லும் என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது 2008-ல். மணத்துக்கு முன் எழுதினாலும் பின் எழுதினாலும், இருவரும் மனமொப்பி, விளைவு முழுதும் அறிந்து எழுதியிருந்தால், அநியாயமாகாத வரையில் அதற்கு மதிப்புத் தரவேண்டுமென்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மிரட்டி வாங்கினாலோ, சொத்தை மறைத்து எழுதினாலோ அந்தப் பத்திரத்தின் பலம் போகும். இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர் இருப்பது நல்லது. கோர்ட்டுக்குப் போகும் உரிமையை மட்டும் எந்தப் பத்திரமும் பறிக்க முடியாது.

1875-ல் ஜார்ஜ் செத்தான். 1877 மார்ச் 1-ல், தம் 68-ஆம் வயதில், நெடுநாள் நண்பர் வில்லியம் ஸ்டெர்லிங் மாக்ஸ்வெல்லை அம்மையார் மணந்தார். ஜூன் 15-ல் கண் மூடினார். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொண்டு, தன் பெயரில் ஒப்பந்தம் எழுதலாம் என்ற 1882-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அவர் மறைந்து ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன.