பட்டம் பெறாத பறவைப் பேரறிஞர்

மாசி, பங்குனித் திங்கள்களில் மட்டாஞ்சேரிக் காயற்கரையில் காலையுலா செல்லும் அன்பர்கள், சேற்றுத் திட்டுகளில் உள்ளான்கள் இரை தேடுவதையும், ஆலாக்கள் நீர்மேல் வட்டமிடுவதையும் கண்டிருப்பர். குளிர்காலத்தை இங்குக் கழித்த வடபுலப் பறவைகள் தாயகம் திரும்பும் பருவம் அது. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு அப்பயணம் புதிதன்று. இந்நாட்டுப் பறவைகளை முறையாக ஆராய்ந்த சாலிம் அலி அவர்களின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

பெரியார் சாலிம் அலி 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவராயிருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்தார். அது என்ன குருவி என்றறிய, அதனை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். செயலாளர் மில்லார்டு பரிவுடன் விளக்கி, அங்குப் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். அன்று விழுந்த வித்தே பின்னர் ஆலமரமாயிற்று.

1913இல் மெட்ரிக்குலேஷன் தேறியவர், கல்லூரிப் படிப்பை இடையில் விடுத்துப் பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனிக்கச் சென்றார். தாயகம் திரும்பி 1918இல் தெமினா அம்மையாரை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் அரசாங்க விலங்கியல் துறைப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் சிறு பணி ஒன்று கிடைத்தது. விடுப்பில் செர்மனி சென்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்டிரெசமானிடம் பயின்று 1930இல் மீண்டபோது, அப்பதவியே பணமின்மையால் நீக்கப்பட்டிருந்தது!

மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம்போன்றோர்க்கு அந்நிலையின் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர். கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறி, தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் உற்றுநோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண்குருவி பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே அதனை முடிக்கிறது. பிறகு வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. இவ்வுண்மையை அவர் வெளியிட்டபோது அறிஞருலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்து, ஊதியம் வேண்டா, பயணச் செலவு மட்டும் போதும் என்று சுதேச சமஸ்தானங்களுக்குத் தெரிவித்தார். அவ்வாறே 1933இல் திருவிதாங்கூரிலும் நம் கொச்சியிலும் காடுமேடெல்லாம் சுற்றிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். கூடாரம்தோறும் உடனிருந்து துணைபுரிந்த தெமினா அம்மையார் 1939இல் மறைந்தது அவருக்குப் பேரிடி. எனினும் பணி நிற்கவில்லை. கொச்சி, திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றிய அவரது நூல் 1953இல் வெளிவந்தது. முதுமையிலும் தமிழகத்துக் கோடிக்கரையில் பறவைகளின் கால்களில் எண் பொறித்த வளையமிட்டு, அவற்றின் பயண வழிகளை ஆராயும் பணிக்கு வழிகாட்டினார். 1976இல் பத்ம விபூஷண் விருது அவரை அடைந்தது. 1987இல் இயற்கை எய்தினார்.

பெரியாற்றங்கரையில் அவர் போற்றிய தட்டேக்காடு, 1983இல் பறவைகள் சரணாலயமாயிற்று. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. எறணாகுளம் பழைய இரயில் நிலையத்தின் அருகே மங்களவனமும் இருக்கிறது. பட்டமும் பதவியும் வாய்க்காதவர் நடந்தும் நோக்கியும் குறித்துவைத்துமே இத்துணை அறிவைத் தந்தார். நாமும் விடுமுறை நாள்களில் குழந்தைகளுடன் காயற்கரைக்குச் சென்று, கண்ட பறவையைக் குறிப்பேட்டில் எழுதி வருவோமாக! வாழ்க அப்பெரியார் புகழ்!