எதிரி நாட்டவராக அடையாறில் முடக்கப்பட்ட ஆசிரியை: யார் இந்த மரியா மாண்டிசோரி?

தெருவுக்குத் தெரு மாண்டிசோரி போர்டு தொங்குது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் சென்னையில் வாழ்ந்தவர் என்பது தெரியுமா?

1870-ல் இத்தாலியில் பிறந்த மரியா ஒரு டாக்டர். 1907-ல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கினார்.

1939-ல் பிரம்மஞான சபை அழைக்க, மகன் மரியோவுடன் அடையாறுக்கு வந்தார். சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி. அவர் இத்தாலிய மொழியில் பேசப் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் எல்லாம் மாறிப்போச்சு. பிரிட்டிஷ் அரசு மரியோவை முகாமில் அடைத்தது. சபை வளாகத்தைத் தாண்ட மரியாவுக்குத் தடை. ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாளில்தான் மகன் விடுதலையானார். போர் முடியும்வரை ஊர் திரும்ப வழியில்லை. ஆனாலும் பயிற்சி வகுப்புகளை அவர் விடவில்லை. பிறகு கொடைக்கானலிலும் தங்கி வேலை பார்த்தார்.

அப்படி என்னதான் கற்றுக்கொடுத்தார்? முதலில், சும்மா உட்கார்ந்து குழந்தையைக் கவனிக்க. அடுத்து, ஒரு வேலையை நிதானமாக, அதிகம் பேசாமல் செய்துகாட்டிவிட்டு விலகிக்கொள்ள. வெவ்வேறு அளவுள்ள மர உருளைகளைக் குழிகளில் பொருத்தும் கட்டை ஒன்று உண்டு. ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் நிற்கும். தப்பு எங்கேன்னு பிள்ளையே தேடும். டீச்சர் குறுக்கே போகக் கூடாது. பாராட்டுவதற்குக்கூட! பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான பாடமாக இருந்திருக்கும்.

1952-ல் நெதர்லாந்தில் இறந்தார். அவர் பெயரைப் போர்டில் எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதனால் அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர், வகுப்பில் யார் அதிகம் பேசுகிறார்கள், டீச்சரா குழந்தைகளா என்று பார்க்கலாம்.