நாள் தவறாமல் எழுதிய துபாஷ்

மரக்காணத்து உப்பு ஒரே நாளில் குவிந்து விடுவதில்லை. பாத்தி கட்ட வேண்டும். உவர்நீர் பாய்ச்ச வேண்டும். வெயில் காய வேண்டும். விளைந்ததை அவ்வப்போது வாரிக் கரையேற்ற வேண்டும். அப்படிச் சேர்ந்ததுதான் கடைசியில் மலைபோல் நிற்கிறது.

இதே கரையில், தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள புதுச்சேரியில், எழுத்தையும் இப்படியே சேர்த்தார் ஒருவர். அவர் பெயர் ஆனந்தரங்கம் பிள்ளை.

வியாபாரி வீட்டுப் பிள்ளை

1709-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி, சென்னைப் பெரம்பூரில் அவர் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை ஒரு வியாபாரி. குடும்பம் புதுச்சேரியில் குடியேறியது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது.

1726-ல் தந்தை காலமானார். பிள்ளைக்கு வயது 17. வீட்டுப் பொறுப்பும் வியாபாரமும் அந்த இளம் வயதிலேயே தலையில் விழுந்தன. அவர் கலங்கவில்லை. துணி வியாபாரம் செய்தார். பரங்கிப்பேட்டைத் தறிச்சரக்கைக் கவனித்தார். பிறகு சொந்தமாகக் கப்பலும் விட்டார்.

கவர்னர் துய்ப்ளேக்சின் காலத்தில் அவரே தலைமைத் துபாஷ் ஆனார். துபாஷ் என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். கவர்னருக்கும் நாட்டு மக்களுக்கும் நடுவே நின்று பேசும் பெரிய உத்தியோகம் அது.

யாரும் கேட்காத வேலை

1736-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி அவர் ஒரு வேலையைத் தொடங்கினார். அன்றாடம் நடந்ததைத் தமிழில் எழுதி வைத்தார். அப்படி எழுதும்படி யாரும் சொல்லவில்லை. அதற்குக் கூலியும் இல்லை.

முதலில் தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை. பிறகு செய்தி. எந்தக் கப்பல் வந்தது? எத்தனை பீரங்கி போட்டார்கள்? யார் யாரோடு சண்டை? கவர்னர் என்ன சொன்னார்? எல்லாவற்றையும் எழுதினார். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது இரண்டையும் குறித்தார். செய்தி சொன்னவர் இன்னார் என்றும் எழுதினார்.

இலக்கண நடை அல்ல. வீட்டிலும் கடையிலும் பேசும் தமிழ். அதனால்தான் இன்று படித்தாலும் அந்தக் காலத்து மனிதர்கள் நேரில் நின்று பேசுவதுபோல் இருக்கிறது.

குண்டு மழையிலும்

1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். ஊரில் குண்டுகள் விழுந்தன. அந்த நாட்களின் செய்தியும் ஏட்டில் ஏறியது. அவ்வாண்டு அக்டோபரில் ஆங்கிலேயர் பின்வாங்கினார்கள்.

1754-ல் துய்ப்ளேக்ஸ் பிரான்சு திரும்பினார். 1756-ல் பிள்ளையின் பதவியும் போயிற்று. உடம்பும் நலிந்தது. பதவி போனபின் எதற்கு எழுத்து என்று அவர் நினைக்கவில்லை.

1760-ல் மறுபடியும் போர். மரக்காணத்துக்கு வடக்கே உள்ள ஆலம்பரைக் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. பிறகு புதுச்சேரி முற்றுகை. ஊரில் அரிசிக்குப் பஞ்சம். 1761 ஜனவரி 12 வரை நாட்குறிப்பு நீண்டது. அதே சமயம் பிள்ளையும் கண்ணை மூடினார். 16-ந் தேதி நகரம் வீழ்ந்தது. கோட்டை இடிக்கப்பட்டது.

கோட்டை போயிற்று, ஏடு நின்றது. 1846-ல், 85 ஆண்டு கழித்து, கல்வா மோன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அவற்றை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. அந்தக் காலத் தென்னாட்டுச் சரித்திரம் எழுதுவோர் இன்றும் இவரிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு

ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின இரவு எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்க்கிறார்கள். காலையில் எதுவும் நினைவில் நிற்பதில்லை.

பிள்ளையின் வழி எளிது. நோட்டின் தலைப்பில் தேதி போடுங்கள். இன்று வகுப்பில் கேட்டதை இன்று மாலையே நாலு வரி எழுதுங்கள். புரியாததையும் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நோட்டு; அதற்கென ஒரே இடம். தேடுகிற நேரம் மிச்சமாகும்.

ஒரு நாள் தவறிவிட்டதா? பரவாயில்லை. பிள்ளையின் ஏட்டிலும் விடுபட்ட நாட்கள் உண்டு. அடுத்த நாள் மறுபடியும் தேதி போட்டுத் தொடங்கினால் போதும்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே. விளக்கு வைத்ததும், இன்று என்ன எழுதினாய் என்று கேளுங்கள். எழுதப் படிக்க இப்போதுதான் கற்கும் தாயானாலும், பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு பேருக்கும் அதுவே பாடம்.