கழுவின தண்ணியைக் கொட்டாத பாரடே



2022 ஜனவரியில் எங்க அப்பாவுக்குக் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் கொரோனா டெஸ்ட் கிட் வாங்கி வந்தோம். கால் மணி நேரம் வீடே அந்தப் பட்டையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தது. முதலில் ஒரு சிவப்புக் கோடு. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அம்மா முகம் வாடிப் போச்சு. அப்பா பத்து நாளில் தேறி எழுந்துவிட்டார். ஆனால் அந்தக் கோடு மட்டும் என் மனதில் நின்றுவிட்டது.

பாலிடெக்னிக் வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த வகைப் பட்டைகள் பலவற்றில் உள்ள சிவப்பு சாயமே அல்ல, தங்கம் என்று! அந்தச் சிவப்பை ஆராய்ந்தவர் யார் என்று தேடினேன். வந்து நின்றார் மைக்கேல் பாரடே. நமக்கு மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் சொல்லித் தரும்போது வருகிற அதே பாரடேதான்.

1791 செப்டம்பர் 22-ல் லண்டன் அருகே ஓர் ஏழைக் கொல்லர் வீட்டில் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியுமளவுக்கே பள்ளிப் படிப்பு. பதினான்கு வயதில் ரீபோ என்பவரின் புத்தக பைண்டிங் கடையில் சேர்ந்து ஏழு வருஷம் தொழில் பழகினார். மற்றவர்கள் அட்டை ஒட்டினார்கள். இவர் அட்டையும் ஒட்டினார், உள்ளே இருந்ததையும் படித்தார்.

1812-ல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். கேட்டதையெல்லாம் எழுதி, தானே பைண்ட் செய்து, டேவிக்கே அனுப்பி வைத்தார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. டேவியுடன் ஐரோப்பா போனபோது டேவியின் மனைவி இவரை வேலைக்காரராகவே நடத்தினார். பின்னாளில் ராயல் சொசைட்டியில் சேர்வதற்கு அதே டேவி எதிர்ப்புத் தெரிவித்தார். ஆனாலும் 1824-ல் உறுப்பினரானார். 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். கணிதம் அதிகம் தெரியாது. கைவேலையும் கவனமும்தான் அவர் மூலதனம்.

இப்போது தங்கத்துக்கு வருவோம். 1856-ல் அவருக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. ஞாபக மறதி வாட்டிக்கொண்டிருந்தது. ஒளி ஊடுருவும்படி மிக மெல்லிய தங்கப் படலங்களைச் செய்துகொண்டிருந்தார். அவற்றைக் கழுவின தண்ணியில் லேசான சிவப்பு தெரிந்தது. நாமாக இருந்தால் சிங்க்கில் கொட்டியிருப்போம். அவர் கொட்டவில்லை. தங்கக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்து, அதே மாணிக்கச் சிவப்பு நீரை வேண்டுமென்றே தயாரித்தார். ஒளிக்கற்றையைச் செலுத்தினார்; ஒளி சென்ற பாதை நீருக்குள் தெரிந்தது. உப்புச் சேர்த்தார், சிவப்பு நீலமானது! கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் நீரில் மிதக்கின்றன, துகளின் அளவு மாறினால் நிறமும் மாறுகிறது என்று முடிவு கட்டினார். 1857 பிப்ரவரியில் ராயல் சொசைட்டி முன் இதை விளக்கினார். அவர் செய்த திரவக் குப்பிகளில் சில இன்னும் சிவப்பு மாறாமல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கின்றன.

காரணத்தை 1908-ல் குஸ்டாவ் மீ கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் அளவுத் தங்கத் துகளில் எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, பச்சை ஒளியை விழுங்கிவிடும். மிஞ்சுவது சிவப்பு. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கினால் விழுங்கும் அலைநீளம் கூடி, நீலம் தெரியும்.

மருத்துவச் சோதனை இதில்தான் நடக்கிறது. தங்கத் துகளின் மேல் ஆன்டிபாடியை ஒட்ட வைக்கிறார்கள். சளியில் வைரஸ் புரதம் இருந்தால் துகள் அதைப் பிடித்துக்கொண்டு பட்டையில் ஊறிப் போகும். கோட்டில் காத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி அந்தப் புரதத்தை நிறுத்தி வைக்கும். துகள்கள் அங்கே குவியக் குவியக் கோடு சிவக்கும். கர்ப்பம் பார்க்கும் பட்டையும் இதே முறைதான். மின்சாரம் வேண்டாம், பெரிய லேப் வேண்டாம். 1996-ல் அமெரிக்காவில் மிர்கின் குழுவினர் தங்கத் துகளில் டி.என்.ஏ. இழைகளை ஒட்டினார்கள். பொருத்தமான டி.என்.ஏ. வந்தால் துகள்கள் ஒன்றுசேர்ந்து நிறம் மாறும். பாரடே உப்புப் போட்டுப் பார்த்த அதே மாற்றம்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டு லேபில் எனக்கு வந்த ரீடிங் ஒத்து வரவில்லை. சீனியர் அண்ணனின் ரெக்கார்டைப் பார்த்து மாற்றி எழுதினேன். முழு மார்க்கும் கிடைத்தது. பாரடேயோ தன் ஆய்வுக் குறிப்புகளுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டே போய் பதினாறாயிரத்தைத் தாண்டியவர். தோற்றதையும் எழுதியவர். நான் அழித்த அந்த ரீடிங்கில் என்ன இருந்ததோ, இனித் தெரியப் போவதில்லை.

சர் பட்டம் வேண்டாம் என்று மறுத்து, வெறும் மைக்கேல் பாரடேயாகவே 1867 ஆகஸ்ட் 25-ல் அவர் கண்ணை மூடினார். டிப்ளமோதானே என்று யாராவது உங்களைக் குறைத்துப் பேசினால், அந்த பைண்டிங் கடைப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த ரீடிங்கை வந்தபடி எழுதுங்கள். கழுவின தண்ணியைக் கொட்டுமுன் ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், கருவியியல் துறை